வெல்லம் வாங்காத விக்டோரியா

ஏழாம் மாதத்தில் பிறந்து பிழைத்தாள். ஆறு வயதில் வந்த மஞ்சள் காமாலையிலிருந்து எழுந்தாள். குடித்துவிட்டு அடித்த புருஷனை ஒரே நாளில் வீட்டைவிட்டு அனுப்பினாள். எங்கள் காலனி கிறிஸ்துமஸ் கேரம் போட்டியில் ஆண்கள் எல்லோரையும் தோற்கடித்து, முதல் பரிசாக ஷேவிங் செட் வாங்கினாள். என் தங்கை விக்டோரியா பள்ளிக்கூடம் மட்டும் போனதில்லை. நான் எட்டாவது வரை போனேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் நான் லோடு ஏற்றுகிறேன். அவளுக்கு அங்கேயே கிரைண்டிங் ஷெட்டில் வேலை. வார்த்த இரும்பின் பிசிறைத் தேய்த்து எடுக்க வேண்டும். கரும்பொடி நெஞ்சுவரை போகும். அதற்குக் கம்பெனி கண்ட மருந்து, ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு கட்டி வெல்லம். தின்றால் தூசி வயிற்றுக்கு இறங்கிவிடுமாம். எங்கள் ஜனமும் நம்பி வரிசையில் நின்றது. மாஸ்க் கேட்க வேண்டிய வாய்களை வெல்லத்தால் அடைத்தார்கள். விக்டோரியா மட்டும் வாங்க மாட்டாள்.

அதே ஷெட்டில் ஒரு நாளும் வெல்லத்தைத் தவறவிடாத பென்னி, நாற்பத்திரண்டு வயதில் இருமி இருமிச் செத்தான். “குடிச்சிருப்பான்” என்றார் மேனேஜர். சர்ச்சில் கொடுக்கும் திராட்சை ரசத்தையே உதட்டில் தொட்டுக்கொண்டு விடுகிறவன் பென்னி. அடுத்த மாதம் விக்டோரியாவுக்கும் அதே இருமல் தொடங்கியது.

அந்தச் சமயம் பார்த்து, நீண்ட ஆயுள் பற்றிப் பேசக் கம்பெனியில் ஒருவரைச் சென்னையிலிருந்து அழைத்து வந்தார்கள். சுண்டெலிக்கு இதயம் படபடவென்று அடிப்பதால் சீக்கிரம் சாகிறது, ஆமைக்கு மெதுவாக அடிப்பதால் நூறு வருஷம் இருக்கிறது, நீங்களும் டென்ஷன் இல்லாமல் இருங்கள் என்றார்.

விக்டோரியா எழுந்தாள். “அந்த ஆமை எந்த ஷெட்ல சார் வேலை செய்யுது?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. “மேனேஜர் சார் நாய்க்குப் பதிமூணு வயசு. கெஸ்ட் ஹவுஸ்ல ஏசி போட்டுக்கினு படுத்துகீது. எங்க ஷெட்டாண்ட கீற நாய் எதுவும் மூணாவது தீபாவளியப் பாத்ததில்ல. ரெண்டும் நாய்தானே சார்? அதுக்கு இன்னா டென்ஷன்?”

வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். படித்தவர்கள் அதை எதற்குக் கட்டுகிறார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மாஸ்க்கும், தூசியை இழுக்கும் மெஷினும் கேட்டு ஷெட் பெண்கள் கைநாட்டு வைத்து மனு கொடுத்தார்கள். “எவ விரலுன்னு நான் கண்டேனா? பேர் எழுதத் தெரிஞ்சவள வரச் சொல்லு” என்று திருப்பிப் போட்டார் மேனேஜர். தினமும் காலையில் அதே விரலை வாசல் மெஷினில் வைத்தால்தான் கேட் திறக்கும். அதற்கு மட்டும் ரேகை செல்லும்.

“அண்ணே, என் பேரக் கத்துக்குடு” என்றாள் விக்டோரியா.

அவளுடைய டிபன் டப்பா மூடியில் படிந்திருந்த கரும்பொடியிலேயே விரலால் எழுதிக் காட்டினேன்.

“இம்மா நீட்டுப் பேர யாருண்ணே வெச்சது?”

“ஜான் ஃபாதர்.”

“பாத்தியா, அவரு மட்டும் ரெண்டே எழுத்துல வெச்சிகினாரு.”

நான் எதையும் அரைகுறையாக விடுகிறவன் அல்ல. ‘டோ’வின் இரண்டு பக்கமும் சரியாக நிற்கும்வரை அழித்து அழித்து எழுத வைத்தேன்.

முதலில் பெயர் எழுதுகிறவளுக்கு வேலை போகும் என்று ஷெட் முழுக்கப் பேச்சு. அவள் மேனேஜரிடமே பேனா கேட்டு வாங்கினாள். ஒருமுறை இருமினாள். பிறகு, அவர் கண்ணெதிரே, மனுவின் கீழே முதல் பெயராக ‘விக்டோரியா’ என்று எழுதினாள்.

மாஸ்க் வந்துவிட்டது. மெஷின் இன்னும் வரவில்லை. நாய் ஏசியில்தான் இருக்கிறது. அவள் எழுதிய நாள் 2023 செப்டம்பர் 11, திங்கட்கிழமை.