ரத்த வங்கியிலிருந்து வந்த அக்கா

அப்பா ஊரில் இல்லாத ஒரு மாதத்தில், அவரைத் தேடி ஒரு பெண் திரும்பத் திரும்ப எங்கள் வீட்டுக்கு வந்தார். மத்திகிரியின் வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் கோடையில் இதைவிடச் சுவையான செய்தி கிடைக்கவில்லை.

அவர் ஓசூரில் ஓர் அறக்கட்டளை நடத்திய ரத்த வங்கியில் ஆலோசகர். டவுன் பஸ்ஸில் வருவார். செருப்பை வாசலில் நேராக விட்டுவிட்டு வெளியிலேயே நிற்பார். நான் அப்போது நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பா வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில் ரத்ததான முகாம் நடந்தது. முதல் ஆளாகக் கொடுத்தேன் என்று அப்பா சொல்லிக்கொண்டார். அடுத்த வாரமே கம்பெனி அவரைப் பயிற்சிக்குப் புனே அனுப்பியது. அங்கே புது சிம் வாங்கினார். முகாமில் கொடுத்திருந்த பழைய எண் வேலை செய்யவில்லை. அதனால் அந்த அக்கா முகாம் படிவத்தில் இருந்த முகவரிக்கு நேரில் வந்துவிட்டார்.

“அண்ணன்கிட்ட ஒரு விஷயம் பேசணுங்க்கா.”

“என்னா விஷயம்? என்கிட்ட சொல்லு.”

“அவருகிட்டதாங்க்கா சொல்லணும். புது நம்பர் குடுத்தீங்கன்னா போதும்.”

“எம் புருசன் நம்பரு உனக்கு என்னாத்துக்கு?”

அம்மா எண்ணைக் கொடுக்கவில்லை. அக்கா தன் எண்ணை எழுதிக் கொடுத்த சீட்டு, அவர் தெருமுனை தாண்டுவதற்குள் குப்பைக்குப் போனது. போனில் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். மறுபடியும் ரத்தம் கேட்டு வந்திருப்பார்கள், ஊருக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அத்தை, “யாரு ரீ அவளு?” என்று கேட்ட கேள்வியில் பாதி பதிலும் இருந்தது.

விஷயம் குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் பஞ்சர் கடை வைத்திருந்த மாமாவுக்குப் போனது. அம்மாவின் அண்ணன். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். உலக விவகாரம் அனைத்தையும் அதே முறையில் தீர்த்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. பைக்கில் வந்து இறங்கியதுமே தீர்ப்பைச் சொன்னார்.

“ரத்தம் எடுக்கறன்னு சொல்லி மாப்ள கிட்னிய எடுத்துட்டிருப்பானுங்க. அதான் ஆளத் தேடுறானுங்க.”

அம்மா பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு மூவருமாக ரத்த வங்கிக்குப் போனோம்.

மாமா வாசலிலேயே ஆரம்பித்தார். இளம் வயதில் அவர் லாரி கிளீனராகப் பெங்களூரு போனவர். அங்கே ஆஸ்பத்திரி வாசலில், கையில் காசில்லாதவர்கள் ரத்தம் விற்க வரிசையில் நின்றதைக் கண்ணால் பார்த்தவர். “அப்ப காசு குடுத்து வாங்கி வித்தானுங்க. இப்ப ஓசியில வாங்கி விக்கிறீங்க. என்னாம்மா வித்தியாசம்?”

அக்கா கோபப்படவில்லை. விலைக்கு ரத்தம் வாங்கும் பழக்கத்தைச் சட்டம் நிறுத்தியதையும், காசுக்காக வந்தவர்கள் நோயை மறைத்துவிட்டுக் கொடுத்ததையும், அந்த இடத்தைத் தானம் நிரப்ப வேண்டியிருந்ததால் ஊர்ப் பெரியவர்களும் டாக்டர்களும் சேர்ந்து இந்த வங்கியைத் தொடங்கியதையும் சொன்னார். சுவரில் இருந்த கட்டணப் பலகையைக் காட்டினார். ஒரு பை ரத்தத்துக்கு எவ்வளவு, பரிசோதனைக்கு எவ்வளவு, ஏழை நோயாளிக்கு எவ்வளவு குறைப்பு என்று அதில் இருந்தது. அரசு அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள் என்றார். கண்ணாடிக்கு அப்பால் குளிர்பெட்டியில் அடுக்கியிருந்த பைகளை என்னைத் தூக்கிக் காட்டினார். மாமா கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. எங்கும் குமிழி கிளம்பவில்லை.

“சரி, எங்க மாப்ள ரத்தம் இதுல எது?”

“அதச் சொல்ல முடியாதுங்ணா.”

“நான் அவருக்குப் பொண்ணு குடுத்த வூடும்மா!”

“இருக்கலாங்ணா. இந்த வங்கியோட கணக்க ரோட்டுல போறவரு கேட்டாக்கூடக் காட்டுவேன். ரத்தம் குடுத்தவரு விஷயத்த அவருகிட்ட மட்டுந்தான் பேசுவேன்.”

“பொண்டாட்டி நானு. என்கிட்டயுமா?” என்றார் அம்மா. குரல் உடைந்திருந்தது.

அக்கா நெருங்கி வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அவரு உங்ககிட்ட சொல்லலாங்க்கா. நான் சொல்லக் கூடாது. நம்பர் குடுக்க வேணாம். நீங்களே உங்க போன்ல போட்டுக் குடுங்க. நான் தள்ளி நின்னு பேசறேன்.”

அம்மா எண்ணைப் போட்டுக் கொடுத்தார். அக்கா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்து போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. மாமா முயன்று பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா விடுப்புப் போட்டு வந்தார். பையை வைத்துவிட்டு நேரே ரத்த வங்கிக்குப் போனார். திரும்பி வந்து, அம்மாவோடு சமையலறையில் வெகுநேரம் இருந்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் ரத்தம் சோதித்தார்கள். எனக்கும் தம்பிக்கும் சில மாத இடைவெளிகளில் ஊசி போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது.

பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது: அப்பாவின் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி இருந்தது. கல்லீரலைத் தாக்கும் கிருமி; வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவக்கூடியது, எங்களுக்குப் போட்ட ஊசி அதைத் தடுக்கத்தான். உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்திருக்கிறது. அவர் கொடுத்த ரத்தப் பையை வங்கி அழித்துவிட்டது. அதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டிருந்தால் கேட்பார் யாருமில்லை. தொழிற்சாலையில் விசாரித்திருந்தால் புது எண் ஒரு நிமிடத்தில் கிடைத்திருக்கும். ஆனால் ஏன் தேடுகிறார்கள் என்ற கேள்வியும் கூடவே பட்டறை முழுக்கப் பரவியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் அக்கா எங்கள் வாசலில் ஏச்சு வாங்கினார். அப்பா இன்றும் நலமாக இருக்கிறார், பரிசோதனைக்குத் தவறாமல் போகிறார். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “பேரு போடாம எழுது” என்றார்.

ஊசிகளுக்கு இடையே ஒருநாள், அப்பா பயிற்சி முடிந்து திரும்பிய பிறகு, அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அந்நேரம் பார்த்து மாமாவும் வந்து சேர்ந்தார்.

“என்னாதான் விஷயமாம்? கடைசி வரைக்கும் எனக்கு யாரும் சொல்லல.”

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா சட்டென்று, “ஒண்ணுமில்லண்ணா. ரத்தம் குடுத்ததுக்கு ஒரு கார்டு குடுத்தாங்கல்ல, அது வேற யாரோடதோ மாறிப்போச்சாம்” என்றார்.

மாமாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. “பாத்தியா! ஒரு கார்ட ஒழுங்கா குடுக்கத் தெரியல, இவங்ககிட்டப் போயி ரத்தத்தக் குடுக்கறாரு மாப்ள. ஏம்மா, இதுக்கா எந்தங்கச்சிய அழ வெச்ச?”

“ஆமாங்ணா” என்றார் அக்கா. “தப்பு எங்க மேலதான்.”

மாமா வெற்றியோடு பைக்கைக் கிளப்பிப் போனார். அம்மா அக்காவைப் போகவிடவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்து, சூடான களி உருண்டையைத் தட்டில் வைத்து, அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றினார். போதும் போதும் என்று சொல்லச் சொல்ல இன்னொரு கரண்டி ஊற்றினார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கார்டைக்கூட ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாதவருக்கு ஏன் இத்தனை உபசாரம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.