பதினோரு விநாடி தாமதம்

2000 அக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 10.40-க்கு சான்டா கிளாரா ரயில் நிலையத்தில் நின்றோம்: நான், மனைவி சாரதா, பன்னிரண்டு வயது மகள் நித்யா. சான் பிரான்சிஸ்கோ இங்கிருந்து நாற்பத்தைந்து மைல். காரில் ஒரு மணி நேரம்தான். அங்கே வண்டி நிறுத்த இடம் தேட இன்னொரு மணி நேரம். ரயிலில் எங்களுக்கு ஆளுக்கு ஐந்தேகால் டாலர், நித்யாவுக்குப் பாதி.

சாரதா புறப்பட்டதே அதிசயம். நான்கு வருடங்களாக அவள் எந்தப் பியானோ கச்சேரிக்கும் வந்ததில்லை. காரணம் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. கேட்ட கச்சேரிகளையெல்லாம் தேதி, இருக்கை எண்ணுடன் குறித்து வைப்பவன் நான். 1996 நவம்பரில் நியூ ஜெர்சியில் எடிசனில் இருந்தபோது, பக்கத்து ஊர்க் கல்லூரி அரங்குக்குப் போனோம். வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். பதிலாக மேடையேறியது வெய்ஜுன் என்ற பதினேழு வயதுச் சீனப் பையன். செங்டுவிலிருந்து தாயுடன் வந்து ஃபிலடெல்ஃபியாவில் படித்துக்கொண்டிருந்தவன். கூட்டத்தில் பாதி முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்விட்டது. மூன்று பகுதிகள் கொண்ட ஒரு சொனாட்டாவின் முதல் பகுதி முடிந்ததும் சாரதா தன்னை மறந்து கைதட்டினாள். அவள் திருச்சி சபாக்களில் வளர்ந்தவள். அங்கே ஒரு சங்கதி நன்றாக விழுந்தாலே கை எழும்பும். இங்கேயோ மூன்று பகுதிகளும் முடியும்வரை மூச்சுகூட விடக் கூடாது. அரங்கமே திரும்பிப் பார்த்தது. என் குறிப்பு: 'சாரதா தனியாகக் கைதட்டினாள். தவறு. இரண்டாம் பகுதி தொடங்கப் பதினோரு விநாடி தாமதம்.'

வெய்ஜுன் அதன் பிறகு சிகாகோ, லண்டன், பெர்லின் என்று போய்க்கொண்டே இருந்தார். செய்தித்தாளில் வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டினேன். ஒவ்வொன்றையும் சாரதாவிடம் காட்டும்போது, "அன்னிக்கு அந்தப் புள்ளைய நான் தடுமாற வெச்சுட்டேங்க. முதல் கச்சேரி வேற" என்பாள். நித்யா பியானோ கற்கிறாள். அவளுக்காகத்தான் சாரதா இன்று வெய்ஜுனின் கச்சேரிக்கு வர இசைந்தாள்.

11.10. பாலோ ஆல்டோ. நித்யா தாயிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மாம், டோன்ட் கிளாப் அன்டில் ஐ டெல் யூ. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்டி. வேணும்னா ரெண்டு கையையும் கட்டிப் போட்டுடு."

"கையைக் கட்டினா வாயால சபாஷ் போடுவா" என்றேன்.

"நீங்க பேசாம உங்க வாட்ச்சைப் பாருங்க. எத்தனை செகண்டுன்னு எழுதணுமே!"

சான் மாட்டியோ தாண்டிச் சற்று நேரத்தில் வலப்பக்கம் வளைகுடா நீலமாக விரிந்தது. பிறகு வரிசையாகச் சுரங்கப்பாதைகள். 12.15-க்கு இறங்கி, ஆளுக்கு ஒரு டாலரில் பஸ் பிடித்து, நகர மன்றத்தின் எதிரே புல்தரையில் தயிர்சாதம் சாப்பிட்டோம். புறாக்களுக்கு ஊறுகாய் பிடிக்கவில்லை.

2.00. அரங்கில் மாடி இருக்கை, ஆளுக்கு இருபத்திரண்டு டாலர். வெய்ஜுன் வேகமாக நடந்து வந்து, உட்கார்ந்த கையோடு தொடங்கிவிட்டார். அதே சொனாட்டா! நான்கு வருடங்களில் விரல்களுக்கு வேகம் மட்டும் கூடவில்லை, விளையாட்டும் கூடியிருந்தது. இடது கை கேள்வி கேட்க, வலது கை சிரித்துக்கொண்டே பதில் சொல்வது போலிருந்தது. முதல் பகுதி முடிந்தது. திரும்பினேன். சாரதா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் நனைந்திருந்தது.

4.10. கையெழுத்துக்காகக் கீழே வரிசை. எங்கள் முறை வந்ததும், 1996-ஆம் ஆண்டு நிகழ்ச்சித் தாளை மேசையில் வைத்தேன். அச்சிட்ட பெயரை அடித்து, மேலே பென்சிலால் 'வெய்ஜுன்' என்று அன்றே எழுதியிருந்தேன். அவர் அதைப் பார்த்ததும் பின்னால் நின்ற தாயைச் சீன மொழியில் கூவி அழைத்தார். எல்லாக் கச்சேரித் தாள்களையும் அம்மா கோப்பில் வைத்திருக்கிறாராம். இந்த முதல் தாள் மட்டும் இல்லையாம்.

"அன்று ஒரு பெண்மணி தனியாகக் கைதட்டினார், தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சாரதா நித்யாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"தட் வாஸ் மை மாம்!" என்றாள் நித்யா.

"அடிப்பாவி! சார், சாரி, வெரி சாரி…"

வெய்ஜுன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். "கை முழுக்க வேர்வை. விரல் வழுக்கியது. கைக்குட்டையை எடுத்தால் பயந்துவிட்டேன் என்று தெரிந்துவிடுமே! நீங்கள் தட்டியதும் எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் துடைத்துக்கொண்டேன்."

தாளை அவருடைய தாயிடம் கொடுத்துவிட்டேன். என் தொகுப்பின் தலைப்பக்கம் அது. விரல்கள் விடச் சற்றுத் தயங்கின. அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் வராது. மகன்தான் நடந்ததை மொழிபெயர்த்துச் சொன்னார். தாளைக் கைப்பையில் பத்திரப்படுத்திவிட்டு, சாரதாவைப் பார்த்து, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினார்.

5.00 மணி ரயில். நம் ஊரில் வித்வான் மேடையிலேயே ஃபிளாஸ்க்கைத் திறந்து குடிப்பார், அங்கவஸ்திரத்தால் முகம் துடைப்பார், சுருதியைச் சரிபார்ப்பார். யாரும் விநாடி எண்ணுவதில்லை. இங்கே ஒரு பையன் கை துடைப்பதற்குக்கூட மறைப்பு வேண்டியிருந்திருக்கிறது.

"அந்த நோட்டைக் குடுங்க" என்றாள் சாரதா. "பேனாவும்."

1996 நவம்பர்ப் பக்கத்தைத் தானே தேடி எடுத்தாள். 'தவறு' என்ற சொல்லை இரண்டு கோடு போட்டு அடித்தாள். 'தாமதம்' என்பதை அப்படியே விட்டு, பக்கத்தில் எழுதினாள்: 'கை துடைக்க.'