பின் சக்கரத்தின் எண்

என் பைக்கின் ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னத் திரை இருக்கிறது. மேலே முன் டயரின் காற்றழுத்தம், கீழே பின் டயரின் காற்றழுத்தம். இரண்டு சக்கரங்களிலும் காற்றடிக்கும் வால்வின் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக சென்சார் மூடியைத் திருகி வைத்திருக்கிறேன். அவை அனுப்பும் எண்கள்தாம் திரையில் தெரியும். காற்று ரொம்பக் குறைந்தால் சிவப்பு விளக்கு எரிந்து பீப் அடிக்கும்.

அதை வாங்க வைத்தது ஒரு விபத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் வீட்டுக்காரரும் திருவிடந்தை கோயிலுக்குப் போய்விட்டு ஈ.சி.ஆரில் கல்பாக்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் ஓட்டினார். மாமல்லபுரம் தாண்டியதும் பின்பக்கம் லேசாக அலைகிற மாதிரி இருந்தது. கடல்காற்று தள்ளுகிறது என்று நினைத்தேன். சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொன்னால், "உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்பார். சொல்லவில்லை. அடுத்த வளைவில் வண்டி இடுப்பை ஒடித்த மாதிரி சரிந்தது. அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. எனக்கு முழங்காலில் ஆறு தையல். பின் டயர் சப்பிக் கிடந்தது.

நான் முன்னமே உணர்ந்ததை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

எலும்பு கூடிய பிறகும் கிளட்சை அழுத்தினால் அவருக்கு வலித்தது. பைக் என் கைக்கு வந்தது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். தினமும் அதில்தான் போய்வருகிறேன். ஸ்பீடோமீட்டரைவிட அந்தச் சின்னத் திரையைத்தான் அதிகம் பார்ப்பேன். முன்னால் இருபத்தெட்டு, பின்னால் முப்பத்து மூன்று என்று தெரிந்தால்தான் மூச்சு சீராக வரும். "ரோட்டைப் பாத்து ஓட்டு" என்று வீட்டுக்காரர் கத்துவார்.

போன வருஷம் என் நாத்தனாருக்கு அரசு வேலைக்கான தேர்வு. திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் கொஞ்சத்தில் விட்டவள். வயது வரம்பின்படி இதுதான் கடைசித் தடவை. மையம் செங்கல்பட்டில் ஒரு பள்ளி. சரியாக ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள், ஒரு நிமிஷம் தாண்டினாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டிலேயே போட்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் நானே பெட்ரோல் பங்க்குக்குப் போய் இரண்டு டயரிலும் காற்று நிரப்பினேன். சென்சார் மூடிகளைத் திரும்பத் திருகும்போது, நாளைக்கு முக்கியமான நாள், இருக்கட்டும் என்று ஸ்பேனரால் இன்னொரு சுற்று இறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் ஆறு மணிக்கே ஷிப்டுக்குப் போய்விட்டார். கறுப்புப் பேனாவைத் தேடியதில் நாங்கள் கிளம்ப ஏழே முக்கால் ஆனது. ஐம்பது நிமிஷப் பயணம், நேரம் இருந்தது. பின் சக்கரம் முப்பத்து மூன்று.

வண்டி ஓட ஓட டயர் சூடாகி எண் ஒன்றிரண்டு ஏறும். அன்று ஏறவில்லை. பத்து கிலோமீட்டர் போனபோதும் முப்பத்து மூன்றுதான். அப்புறம் முப்பத்திரண்டு. திருக்கழுக்குன்றத்துக்குள் நுழையும்போது முப்பது.

பின்னால் அவள் நடப்பு நிகழ்வுகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இடது கட்டைவிரலை நகர்த்தி அவள் பார்வைக்குத் திரையை மறைத்துக்கொண்டேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் பயமுறுத்தக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருபத்தொன்பது. ஊரைத் தாண்டி இரண்டு பக்கமும் வயல் வந்தது. இருபத்தெட்டு. விபத்தன்று அந்த வளைவுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்தது போலவே இப்போதும் மூடிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

"பின் டயர்ல காத்து எறங்குது" என்று உரக்கச் சொன்னேன்.

முணுமுணுப்பு நின்றது. "எவ்ளோ மதினி?"

"முப்பத்து மூணு இருந்துச்சு. இப்ப இருபத்தெட்டு."

"எதுவரைக்கும் ஓட்டலாம்?"

"இருபத்தாறுல அலாரம் அடிக்கும். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து ஓட்ட எனக்குத் தைரியம் இல்ல."

வண்டியை ஓரம்கட்டினேன். டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஆணி இல்லை, கண்ணாடித் துண்டு இல்லை. கையால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. ஒரு பஸ் படியில் ஆள் தொங்கியபடி நிற்காமல் போனது. மணி எட்டு பதினேழு.

"மிஷின்தான் தப்பாக் காட்டுதோ என்னமோ மதினி."

அந்த ஆசை எனக்கும் வந்தது. ஆனால் எண் படிப்படியாக இறங்கியதைப் பார்த்தவள் நான். கெட்டுப்போன மிஷின் அப்படிக் காட்டாது.

மெதுவாகப் போனதில் ஒரு பங்க் வந்தது. காற்றடிக்கிறவர் இன்னும் வரவில்லை. பெட்ரோல் போடுகிற பெண்ணிடம் கேட்டு, சென்சாரைக் கழற்றி, குழாயை எடுத்து நானே அடித்தேன். முப்பத்து நான்கு. மறுபடியும் மூடியை நன்றாக இறுக்கினேன். நாத்தனார் வாட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

மூன்று கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். இருபத்தொன்பது. இந்த முறை வேகமாக விழுந்தது. இருபத்தேழு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்து பீப் அடிக்க ஆரம்பித்தது. பின்னால் என் துப்பட்டாவை அவள் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் யார்கிட்டயாச்சும் லிப்ட் கேக்கட்டுமா மதினி? நேரம் ஆவுதுல்லா!"

எதிரே ஒரு பஞ்சர் கடை. பாதி ஷட்டர் திறந்திருந்தது. லுங்கி கட்டிய, ஐம்பது வயதிருக்கும் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கியதும் டயரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா மேடம், இன்னா ஆச்சு?"

"காத்து எறங்குதுங்க. ஒம்போது மணிக்கு இவ பரீட்சை ஹால்ல இருக்கணும்."

டீ கிளாசைக் கீழே வைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தைச் சுற்றி விட்டு, வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றினார். எங்கும் குமிழி இல்லை. அவர் யோசித்துவிட்டு, விரலில் எச்சில் தொட்டு வால்வின் மேல் தடவினார். சென்சார் மூடிக்கும் வால்வுக்கும் நடுவே சின்னச் சின்னதாக நுரை கிளம்பியது.

"டயர்ல ஒண்ணியும் கெடையாது மேடம். உங்க மிஷின்தான் காத்த வுட்டுகினு கீது."

மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார். ஒரு ரப்பர் வாசர் நசுங்கிக் கிழிந்திருந்தது. "இந்த மூடி, வால்வு உள்ள இருக்கிற ஊசிய அமுக்கிகினே இருக்கும். வாசர் நல்லா இருந்தா காத்து வெளிய வராது. நசுங்கின வாசரு வண்டி நிக்கிற வரைக்கும் தாங்கும், ஓடி அதிர்ந்தா கிழிஞ்சிடும். யாரோ வெறி புடிச்சா மாரி இறுக்கிக்கிறாங்க."

"நான்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மடமடவென்று காற்றடித்தார். பழைய டப்பா ஒன்றைக் கிளறி ஒரு சாதாரண பிளாஸ்டிக் மூடியை எடுத்துப் போட்டார். மறுபடி எச்சில் தடவிப் பார்த்தார். நுரை இல்லை. "போங்க மேடம். துட்டு அப்பறம் பாத்துக்கலாம், கெளம்புங்க."

மணி எட்டு நாற்பத்தைந்து. இன்னும் எட்டு கிலோமீட்டர்.

திரையில் கீழ் வரிசையில் எண் இல்லை. இரண்டு கோடுகள் மட்டும். சென்சார் என் பையில் கிடந்தது. கியர் போட்டுக் கிளம்பினேன். ஐம்பதுக்கு மேல் போகக் கை மறுத்தது. ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் அலைந்ததா என்று உடம்பு முழுக்கக் காதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அலைந்த மாதிரியும் இருந்தது, அலையாத மாதிரியும் இருந்தது.

"உனக்குப் பின்னால ஏதாச்சும் ஆடுதா?"

"இல்ல மதினி."

"நெசமாச் சொல்லு."

"நெசமாத்தான். ஆடுனா நான் சொல்லுவேன். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அவள் குரல் என்னுடையதைவிடத் திடமாக இருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுத்தேன். அறுபது. அறுபத்தைந்து. ஊருக்குள் நுழைந்ததும் ஆட்டோக்களும் தேர்வெழுதுகிறவர்களைக் கொண்டுவிட வந்த பைக்குகளும் பாதையை அடைத்திருந்தன. பள்ளிக்கூட மதில் தெரிந்தபோது வாட்ச்மேன் கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றதை இழுத்துக்கொண்டிருந்தார். வண்டி நிற்பதற்கு முன்பே அவள் குதித்துவிட்டாள். ஹெல்மெட்டோடு ஓடினாள். கேட்டுக்குள் போன பிறகுதான் ஹெல்மெட் ஞாபகம் வந்து, கழற்றி வாட்ச்மேன் கையில் திணித்துவிட்டு உள்ளே மறைந்தாள்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு இளைஞன் மூடிய கேட்டைத் தட்டிக்கொண்டே இருந்தான். நான்கைந்து நிமிஷம்தான் தாமதம். கேட் திறக்கவில்லை. அவன் அழுததைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பரீட்சை முடிந்து வந்தவள், "ரெண்டு கணக்கு விட்டுட்டேன் மதினி. டீச்சர் வீட்டுல இருந்துகிட்டு!" என்றாள். திரும்பும் வழியில் பஞ்சர் கடையில் நிறுத்திப் பணம் கொடுத்தோம். அவர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "சென்சாரு நல்ல ஐட்டம்தான் மேடம், கையால இறுக்குங்க, போதும்" என்றார். புது வாசர் வாங்கிப் போட்ட பிறகு மூடியை வால்வில் மாட்டிவிட்டேன். இப்போது விரலால் மட்டும்தான் திருகுகிறேன்.

ஐந்தாறு மாதம் கழித்து முடிவு வந்தது. அவள் பெயர் பட்டியலில் நடுவில் எங்கோ இருந்தது. இப்போது அச்சரப்பாக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அங்கேயே ஒரு வீட்டு மாடியில் தனியாக இருக்கிறாள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். போன வாரம் சொந்தச் சம்பளத்தில் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். பெட்ரோல் போடுவது எப்படி, சைடு ஸ்டாண்டு எடுப்பது எப்படி என்று போனில் அரைமணி நேரம் பேசினாள். வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி, அவளிடம் முதல் கேள்வியாக டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று கேட்டார்.