ரம்யா ஒரு கட்டம் விலகினாள்

மட்டாஞ்சேரியில் மிளகு குடோனுக்கு மேலுள்ள அறையில், ஞாயிறுதோறும் ஆளுக்கொரு பாத்திரமாகி, கட்டம் போட்ட பலகையில் பொம்மை நகர்த்திப் பகடை உருட்டி விளையாடுவோம். நான் வில் வைத்திருக்கும் திருடன். ரம்யா வாளோடு முன்னால் நிற்கும் வீராங்கனை. கிட்டப்போய்க் கத்தியால் குத்தும் திருடன் முட்டாள் என்று வாராவாரம் சொல்வேன். முன்னால் நின்று அடி வாங்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று பாலத்தில் ஒரு பூதம் அவளை அடித்து நொறுக்கியது. நான் தூரத்திலிருந்தே அம்புவிட்டு, அடியின் பலத்துக்குக் கை நிறையப் பகடை உருட்டினேன். "எம்மேல ஒரு கீறல் இருக்கா, பாரு" என்றேன்.

ரம்யா தன் பொம்மையை ஒரு கட்டம் பின்னால் நகர்த்தினாள். "இப்ப விடுங்கண்ணா."

விட்டேன். பட்டது. ஆட்டம் நடத்தும் அனீஷ் சேட்டன் இந்தத் தடவை ஒரே ஒரு பகடையை என் பக்கம் தள்ளினார். "எதிரிகிட்ட நம்மாளு நின்னாதான் திருடனுக்கு மத்த பகடை. இப்ப ஆரும் இல்லல்லோ."

அந்த விதியை மறந்தே போயிருந்தேன். பூதம் என் பக்கம் திரும்பியது.

"ரம்யா, முன்னால வா."

"தூரத்துலேர்ந்து பாக்க நல்லாத்தாண்ணா இருக்கு."

என் திருடன் செத்தான். அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. புதுத் திருடனுக்கும் வில்தான் கொடுத்திருக்கிறேன். அம்பு பட்டால் மட்டும் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை.