இன்பமணியின் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்த பிரதமர்

இன்பமணிக்கும் பிரிட்டிஷ் பிரதமருக்கும் முன்பகை எதுவும் கிடையாது. அவர் பெயரைக்கூட அவள் ஒழுங்காகச் சொல்ல மாட்டாள். "அந்த ஆளு" என்பாள். அந்த ஆளு அவள் கல்யாணத்தை இரண்டு தடவை நிறுத்தினார். அதற்கப்புறம்தான் அவள் அரசியலில் இறங்கினாள்.

நாற்பத்திரண்டு வயதில் கல்யாணமா என்று வாயைப் பிளந்தவர்களுக்கு அவளிடம் பதில் தயார். "இருவத்திரெண்டுல ஒங்களுக்குச் சோறு போட கல்ஃபுக்கு வந்துட்டேன். இப்பந்தான் நேரம் கெடச்சிருக்கு." குளச்சல் பக்கத்துக்காரி. இரண்டு தங்கைகளையும் ஒரு தம்பியையும் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, ஊர் ஹார்பரில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் செல்வசிங் எதிரே நின்றார். அவருக்கும் அதே கதைதான், நரை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

அவளுக்கு வேலை துபாய் பக்கம் ராஸ் அல் கைமாவில், ஒரு பீங்கான் ஃபேக்டரியில். கோப்பைகளுக்குப் படம் ஒட்ட வேண்டும். படத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, படத்தை நழுவவிட்டு, கோப்பையின் வயிற்றில் பதித்து, ரப்பர் துண்டால் காற்றை நீவி வெளியேற்றினால் அப்புறம் சூளை பார்த்துக்கொள்ளும். ராஜா, ராணி, கால்பந்துக்காரர், பூனை என்று எல்லோரும் அவள் கைவழியாகப் போனவர்கள்தான். அவள் ஒட்டிய பூனைக்குப் பயந்து கோடவுனில் எலியே இல்லாமல் போய்விட்டதாம். இதை நம்பாதவர்கள் போய் எலியைத் தேடிப் பார்க்கலாம்.

லண்டனில் பரிசுப்பொருள் விற்கும் ஒரு வியாபாரிதான் வில்லங்கத்தைத் தொடங்கிவைத்தார். அங்கே ஜனங்களுக்குப் பிரதமர்மேல் கடுப்பு. விலைவாசி ஏறுகிறது, ஆஸ்பத்திரியில் முறை வருவதற்குள் நோயே அலுத்துப் போய்விடுகிறது, சொன்னது ஒன்று செய்தது ஒன்று என்று ஊரெல்லாம் புலம்பல். சொந்தக் கட்சிக்காரர்களே அடுத்தவர் யார் என்று மூலைக்கு மூலை கிசுகிசுத்தார்கள். வியாபாரி யோசித்தார். ஆள் மாறுகிற அன்றைக்கே புதியவர் முகம் போட்ட கோப்பை கடையில் இருந்தால் காசுதானே! யார் வருவார் என்று தெரியாததால் மூன்று முகங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். படம் ஒட்டும் பிரிவில் அந்த மூவருக்கும் தாடிக்காரர், சிரிப்புக்காரி, மூக்குக்கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள்.

"இந்த வாரம் அந்த ஆளு ராஜினாமாவாம். லீவு மாஃபி, கெடையாது அக்கா" என்றான் சூப்பர்வைசர் மணிகண்டன். சிவகங்கைக்காரன். நல்ல பையன்தான், ஆனால் மேனேஜரின் நிழலைக் கண்டாலே எழுந்து நிற்பான்.

ஊரில் அதற்குள் மூன்று ஞாயிறும் ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. இன்பமணி போகவில்லை. அங்கே பிரதமரும் போகவில்லை.

நாள் தள்ளி வைத்தார்கள். மறுபடியும் ஓலை, மறுபடியும் லண்டனில் வதந்தி, மறுபடியும் லீவு மாஃபி. பிரதமரோ, "நான் எங்கும் போகப் போவதில்லை" என்று டிவியில் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒட்டிய கோப்பைகளை வரிசையாக அடுக்கினால் லண்டன் வரைக்கும் போகும். நடுவில் கடல் இருக்கிறதே என்று கேட்கக் கூடாது.

மூன்றாவது தடவை ஓலை வாசித்தபோது, ஊரார் ஐயர் என்று கூப்பிடும் போதகர் வழக்கம்போல, "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்றார்.

"லண்டன் பிரதமரு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சபை முழுக்கச் சிரித்ததை செல்வசிங் போனில் சொன்னபோது, அவர் குரலில் சிரிப்பு இல்லை.

"எனக்குக் கோவம் இல்ல, கேட்டியா. ஆனா ஹார்பருல எல்லாவனும், ஒம்ம பொண்ணு வருவாளா, இல்ல அவ வரவும் லண்டன் கட்சிக்காரன் ஓட்டுப் போடணுமான்னு கேக்கான். எங்க அக்கா, வேற பொண்ணு பாக்கட்டான்னு தொடங்கிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எஞ்சினுக்குள்ள தலைய விட்டுட்டேன்."

"தலைய வெளிய எடுங்க. வெள்ளிக்கெழம டிக்கெட் போட்டாச்சு. அந்த ஆளு இருந்தாலும் வருவேன், போனாலும் வருவேன்."

வியாழக்கிழமை காலை மணிகண்டன் வந்து நின்றான். கையில் நாலாவதாக ஒரு முகம் இருந்தது.

"இது யாரு புதுசா?" என்றாள் இன்பமணி.

"நேத்துதான் போட்டியில குதிச்சிருக்காக. அடுத்த வாரத்துக்குள்ள அனுப்பணுமாம். அக்கா, ஒரே ஒரு வாரம்..."

இன்பமணி கையை ஏப்ரனில் துடைத்தாள். ஏப்ரனைக் கழற்றி, மடித்து, தாடிக்காரர் அடுக்கின்மேல் வைத்தாள்.

"தம்பி, அங்க நாடே அந்த ஆளப் போ போங்குது. கட்சிக்காரனே போங்கான். அவரு அசையல்ல. என்னைய ஒருத்தனும் போகச் சொல்லல்ல. நான் போறேன்."

"ஓடிப்போயிட்டாகன்னு கேஸ் போடுவாக அக்கா. அப்பறம் திரும்ப வரவே முடியாது. வேலையும் கலாஸ், முடிஞ்சுது."

"போடட்டும். எங்க போனாளுன்னு எழுதுற எடத்துல ஆலயத்துக்குன்னு போடச் சொல்லு. எந்தக் கோயிலுன்னு கேட்டா, உலகத்துலயே அதிகமா ஓலை வாசிச்ச கோயிலுன்னு சொல்லு."

பக்கத்து மேசையிலிருந்த ருமைஸா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். மட்டக்களப்புக்காரி, பேச்சு கொஞ்சம், வேலை அதிகம். அவள் எழுந்து இன்பமணியின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க போங்க அக்கா. இந்த மூஞ்சிகள நான் ஒட்டுறன். ஆனா மணிகண்டன், ஒண்டு சொல்றன் கேளுங்க. அடுத்த மாசம் எண்ட லீவு. அதையும் லண்டன்ல கேட்டுத்தான் தருவீங்களெண்டா, நானும் இப்பவே அக்காவோட ஏறிருவன்."

"நானும்" என்றது ஒரு மலையாளக் குரல். "மே பி" என்று இந்தியில் அதையே சொன்னது ஒரு நேபாளக் குரல். ரப்பர் துண்டுகள் ஒவ்வொன்றாக மேசையில் விழுந்தன. மணிகண்டன் கையிலிருந்து நழுவி விழுந்த நாலாவது முகம் தண்ணீரிலேயே ஊறி, தாளை விட்டுக் கழன்று, தானாக மிதக்கத் தொடங்கியது. மணிகண்டன் அதைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான், மேனேஜர் அறையைப் பார்த்தான். பிறகு அந்த அறையை நோக்கி நடந்தான். நடையில் வேகம் இல்லை, ஆனால் திரும்பியும் பார்க்கவில்லை.

இன்பமணி அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாஸ்போர்ட் அவள் பையில் இருந்தது. தங்கியிருந்த கேம்ப்புக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினாள். மறுநாள் ஷார்ஜா விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது போன் அடித்தது.

"அக்கா, மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றான் மணிகண்டன், மூச்சு வாங்க. "கத்துனாரு. நானும் கத்துனேன். எனக்கே ஆச்சரியமா இருக்கு. ஆனா ஒரு வாரந்தானாம்."

"ஒரு மாசம்."

"அக்கா..."

"தம்பி, நின்னுபோன ரெண்டு கல்யாணத்து லீவும் பாக்கி இருக்கு எனக்கு. மூணாவதுதான் இது. ஒரு மாசம்."

மறுமுனையில் பெருமூச்சு. "சரி, ஒரு மாசம். நல்லபடியா முடிச்சிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆலயத்தில் கால்வைக்க இடமில்லை. உறவுக்காரர் பாதி, லண்டன் நிலவரம் கேட்க வந்தவர்கள் மீதி. பிரதமர் இன்னும் போகவில்லை என்று வாசலிலேயே ஒருவர் அறிவித்துக்கொண்டிருந்தார். உள்ளே போதகர் கண்ணாடியைச் சரிசெய்து, "இன்பமணி, இவரை உன் கணவனாக..." என்று ஆரம்பித்தார்.

"சம்மதம்" என்றாள் இன்பமணி.

"இன்னும் கேட்டு முடிக்கல்லியே, மக்ளே."

"சம்மதம், ஐயரே. அவருக்கும் சம்மதந்தான். மேல நடத்துங்க."