பேச்சு நின்ற கிடங்கு

‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’, அதாவது அடுத்தவர் மனமறிந்து நடப்பது எப்படி என்ற மூன்று நாள் பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, மட்டாஞ்சேரியில் நான் மேனேஜராகச் சேர்ந்த சுக்குக் கிடங்கில், என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். தற்காலிகப் பதவிதான். அந்த வார வெள்ளிக்கிழமை சுக்குக் கண்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்பினால் நிரந்தரம். இல்லாவிட்டால் திருப்பூணித்துறையில் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

கிடங்கில் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து, பூச்சி அரித்த துண்டுகளைப் பொறுக்கித் தள்ளுவார்கள். கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். சீரியல், மீன் விலை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். எனக்கோ சத்தமே ஆகாது. மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

திங்களன்று, பொறுக்கி முடித்த ஒரு முறத்தில் அரித்த துண்டுகள் நாலைந்து கண்ணில் பட்டன. படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, ‘இதுதான் வேலை பார்க்கும் லட்சணமா?’ என்று கிடங்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெயர் போடவில்லை. அதுவே பெரிய நாகரிகம் என்று எனக்கு நினைப்பு. ஆனால் படத்தின் ஓரத்தில் பச்சைக்கல் மோதிரம் போட்ட விரல் ஒன்று விழுந்திருந்தது. இருப்பவர்களிலேயே மூத்த சேச்சியின் விரல் அது என்று பன்னிரண்டு பேருக்கும் தெரியும். அவருடைய மருமகளும் அங்கேதான் வேலை பார்த்தாள். அந்தக் குழுவிலும் இருந்தாள்.

மறுநாள் சேச்சி வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், வாயே திறக்கவில்லை. போனில் முதலாளி, “என்னம்மா, இன்னிக்கு இவ்வளவு அமைதி?” என்றார். “கொஞ்சம் டிசிப்ளின் கொண்டு வந்திருக்கேன் சார்” என்றேன் பெருமையாக. மாலையில் பார்த்தால் வழக்கமான மூட்டைகளில் பாதிகூடத் தேறவில்லை. புதனன்றும் அதே கதை. மருமகளைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டேன்; என் படத்தின் ஓரத்தில் இருந்த மோதிர விரலைக் காட்டினாள்.

அன்று மாலை மருமகளோடு சேச்சி வீட்டுக்குப் போனேன். சேச்சி சாயா கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை.

“தப்பு என்டேதுதான். இல்லேன்னு நான் பறஞ்சேனா? என்னைத் தனியா விளிச்சுச் சொல்லியிருக்கலாமே மேடம். இவளுக்கு இந்த வேலை படிப்பிச்சதே நானாக்கும். இவ போன்லயா நான் அதைக் காணணும்?”

வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. “ஸாரி சேச்சி” என்று முனகினேன்.

“இங்க அடுக்களையில சொன்னா யாரு கேக்கும்?”

அங்கேயே நின்று போனை எடுத்தேன். “திங்கக்கிழமை நான் செஞ்சது தப்பு. எல்லாரும் கேக்கச் சேச்சிகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்” என்று பேசிக் குழுவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் என் நடுங்கிய குரல் பக்கத்து அறையில், மருமகளின் போனில், இன்னொரு தடவை கேட்டது.

வியாழன் காலை சேச்சி வந்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக, கோபத்தில் டிவியே போடாமல் விட்ட இரண்டு நாள் சீரியல் கதையைக் கேட்டார். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். முறங்கள் பறந்தன.

முதலாளி மறுபடி போன் செய்தார். “என்னம்மா அங்க ஒரே சத்தம்? நாளைக்குக் கண்டெய்னர் போகுமா, போகாதா?”

“இந்தச் சத்தம் இருந்தா போயிடும் சார்” என்றேன்.