மேற்கே பொங்கிய பானை

டேனிஷ் நகரமான பிராண்டேக்கு வெளியே எனக்கு ஒரு பண்ணை இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தொழிற்சாலையில் காற்றாலை இறக்கைகளைத் தேய்த்துத் தேய்த்தே அதை வாங்கினேன். ஊர்க் கணக்கில் இருநூறு பரப்புக்கு மேல் வரும், பன்னிரண்டு ஏக்கருக்குக் குறையாது.

கோல்டிங்கில் இருக்கும் சம்மந்தியார் படித்த மனிதர். பிள்ளைகளின் கலியாண வீட்டிலேயே எல்லோர் முன்னாலும், "உந்தச் சேத்தை வாங்கி என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டவர். அவர் வாயால் ஒரு நல்ல சொல் வாங்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

ஒரு வருசம் மாரிக் குளிரில் நிலத்தை இறுக்கும் உறைபனியே விழவில்லை. தை பிறந்தும் புல் பச்சையாக நின்றது. எல்லோரும் குசினிக்குள் மின்னடுப்பில் பொங்க, நான் சொந்த நிலத்தில் மூன்று கல் வைத்துப் பொங்குவதென்று சம்மந்தியாரை அழைத்துவிட்டேன்.

"நிலம் இறுகேல்லையப்பா, கால் புதையுது. கராஜிலை வைப்பம்," என்றாள் மனைவி.

"நிலத்தைப் பற்றி எனக்கோ சொல்லித்தாறாய்?"

காலை ஒன்பது மணி. சூரியனைக் காணவில்லை, கைபேசியைப் பார்த்துக் கிழக்கைப் பிடித்தேன். பால் கிழக்கே பொங்கினால் வருசம் நல்லாயிருக்கும். அது பானை விளிம்புக்கு ஏறுகிற நேரம் பார்த்து மேற்குப் பக்கத்துக் கல் சேற்றுக்குள் இறங்கியது. மண்வெட்டியால் நெம்பினேன், இன்னும் இறங்கியது. பொங்கிய பால் மேற்கே வழிந்தது.

"மேற்காலை பொங்கிப்போட்டுது, சம்மந்தி," என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.

"ஓம், வேணுமெண்டுதான் சரிச்சனான். அங்காலை பக்கத்துக் காணி. அதையும் வாங்கப் போறன்."

பானையை நிமிர்த்தி, அரிசியிட்டுப் பொங்கலை இறக்குகிற நேரம், அந்தக் காணிக்காரர், ஒரு டேனிஷ் கிழவர், புகையைக் கண்டு வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார். சம்மந்தியார் விடுவாரா? "இவருக்குக் காணி விற்கிறீர்களாமே?" என்று டேனிஷில் கேட்டார்.

"இல்லையே," என்றார் கிழவர். மனைவி நீட்டிய பொங்கலை வாயில் வைத்தார். "காணி இல்லை. இது இன்னொரு தட்டுக் கிடைக்குமா?"

சம்மந்தியார் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு பின்னால் சேற்றுக்குள் ஓர் அடி வைத்தார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. புதுத் தோல் சப்பாத்து. ஒற்றைக் காலில் ஆடியபடி என் தோளைப் பிடித்தார்.

"எடுத்துத் தாங்கோ, சம்மந்தி!"

"பொங்கல் எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்கு."

"காணி?"

பல்லைக் கடித்தார். "அதுவும் நல்ல காணிதான்."

இன்னொரு தரம், கிழவருக்கும் விளங்க டேனிஷிலும் சொல்லச் சொன்னேன். சொன்ன பிறகுதான் குனிந்து சப்பாத்தை இழுத்தேன்.